இருபதில் ஒரு பங்கு

கூரை மட்டும்தான் பாக்கி. சுவர் நாலும் நின்றுவிட்டன, கதவு கீலில் ஆடுகிறது, தண்ணீர்த் தொட்டியும் துவைக்கிற கல்லும் அதனதன் இடத்தில் ஒட்டியாகிவிட்டது. நாலு மணிக்கு வக்கீலின் ஜூனியர் வந்து எடுத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறார், இப்போது ஒன்று தாண்டிவிட்டது. தெய்வசிகாமணி மெல்லிய அலுமினியத் தகட்டை மரை போட்ட கம்பியின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வரி இழுத்துக்கொண்டிருந்தான். பதினெட்டு வருஷமாகக் கட்டட மாதிரி செய்கிற கை. அடுக்குமாடி வீடு கட்டி விற்கிறவர்களுக்குப் பளபளவென்று பத்து மாடி நிறுத்தி, சுற்றிலும் ஸ்பாஞ்சில் மரம் நட்டு, நீச்சல் குளத்துக்கு நீலம் ஊற்றிக் கொடுத்தே பழகிய கை. சிங்காநல்லூரில் இந்த முன்னறைதான் அவனுக்குப் பட்டறை. தோட்டத்துச் சாளை ஒன்றை, மாடு கட்டித் தவிடு மூட்டை போட்டு வைக்கிற வெறும் கொட்டகையை, இருபதில் ஒரு பங்காகச் செய்து கொடு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. வக்கீல் ஞானசம்பந்தம் கேட்டார். அழகாக இருக்க வேண்டாம், நிஜமாக இருக்க வேண்டும், ஜட்ஜ் குனிந்து பார்த்தால் சாணி வாசம் அடிக்க வேண்டும் என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவிநாசிக்கு வடக்கே ஒரு ஊரில் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படிப்பட்ட ஒரு சாளைக்குள் பண்ணையத்து ஆள் ஆறுச்சாமியை அடித்தே கொன்றுவிட்டார்கள். தோட்டத்துச் சொந்தக்காரரும் அவர் தம்பியும் குற்றம் சாட்டப்பட்டவர்கள். வக்கீல் அவர்கள் பக்கம். துவைக்கிற கல்லின்மேல் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன் என்று ஆறுச்சாமியின் பெண்டாட்டி ருக்குமணி சாட்சி சொல்கிறாள். அங்கே நின்றால் உள்ளே ஒன்றும் தெரியாது என்று காட்டத்தான் இந்தச் சாளை.

இருபத்து நாலடி நீளம் பதினாலரை அங்குலமாகியிருந்தது, பதினாலடி அகலம் எட்டரை அங்குலம், ரெண்டும் கொஞ்சம் குறைய. போலீஸ் எடுத்த படங்கள் மேஜையில் விரித்துக் கிடந்தன. சலித்த செம்மண்ணையும் மரத்தூளையும் பசையில் குழைத்துத் தரைக்குப் பூசியிருந்தான், காய்ந்து வெடித்து நன்றாகவே வந்திருந்தது. தேயிலைச் சாயத்தில் கதவுப் பலகைக்கு வயசு ஏற்றியிருந்தான். தூணைப் பார்த்தபோதுதான் கை நின்றது. படத்தில் இருப்பது சிமெண்டுத் தூண். நாலு மூலை சரியாக, சாம்பல் நிறத்தில், ஒரு சின்னக் குழந்தைக்குக்கூட அது சிமெண்டு என்று தெரியும். அவன் செய்து நிறுத்தியிருப்பது வேப்பமரத் தூண். பாதி உயரத்தில் ஒரு முண்டு, கயிறு உராய்ந்து உராய்ந்து வழுவழுத்த பள்ளம், முழங்கால் உயரத்தில் ஒரு இரும்பு வளையம். வளையத்தை எப்போது வளைத்தான், எந்தக் கம்பியில் வளைத்தான், ஞாபகமே இல்லை. காலையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தபோது கை தன்பாட்டுக்குச் செய்திருக்கிறது. பிளேடை எடுத்துத் தூணின் அடியில் கொடுத்துப் பிடுங்கப் பார்த்தான். பசை இறுகியிருந்தது. இன்னும் அழுத்தினான். பிளேடு வழுக்கி இடது கட்டைவிரலுக்குள் இறங்கியது. வலிக்கவில்லை, குளிர்ந்தது, அவ்வளவுதான், அப்புறம் ரத்தம் வந்து சாளைத் தரையில் சொட்டியது. துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். தப்பு, இந்த நிறம் தப்பு. சாணி மெழுகின தரையில் ரத்தம் சிவப்பாக நிற்காது, நின்ற மாத்திரத்தில் உள்ளே இறங்கி எண்ணெய்க் கறை மாதிரிக் கறுத்துப்போகும், ஈ வந்து உட்கார்ந்தால்தான் இங்கே ரத்தம் கிடந்தது என்று தெரியும். அது அவனுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டது அவனேதான். கேட்ட பிறகு நிறுத்த முடியவில்லை.

தாராபுரம் பக்கம் அவன் அப்பாவின் தோட்டம். அந்தச் சாளையில் வேப்பமரத் தூண். அவனுக்கு அப்போது இருபத்தொரு வயசு, கட்டடப் படம் வரைகிற படிப்பு முடித்து வீட்டில் சும்மா இருந்த காலம். கிணற்று மோட்டாரின் செம்புக் கம்பி ஒரு சுருள் காணாமல் போயிருந்தது. பழனான்தான் எடுத்திருப்பான் என்று அப்பா காலையிலேயே முடிவு செய்துவிட்டார். பழனான் பதினாலு வருஷமாகப் பண்ணையத்தில் இருந்த ஆள். மடை திருப்பிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள், ஈர மண்வெட்டியோடு வந்தான், மண்வெட்டியை வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான், அந்த மண்வெட்டியின் பிடியைத்தான் அப்பா கழற்றினார். சித்தப்பா தாம்புக் கயிற்றால் கையைத் தூணில் கட்டினார். எடுக்கலீங்க பண்ணாடி, எடுக்கலீங்க, என்று பழனான் சொன்னது முதல் அடிக்கு முந்தி. முதல் அடி தொடையில். ஈரத் துணியைக் கல்லில் அறைகிற சத்தம் அது, அதற்குப் பழகிக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது. மூணாவதோ நாலாவதோ அடியில் பழனான் காலை மடக்கி உதைத்தான். அப்பாவை உதைக்கவில்லை, வலியை உதைத்தான், ஆனால் உதை அப்பாவின் முழங்காலில் பட்டது. அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல், டேய் சிகாமணி, காலைப் புடிடா என்றார். புடிடா என்றதும் பிடித்தான். இதைத்தான் இருபத்தேழு வருஷமாக எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் இப்படியே இருக்கிறது, சொன்னார், பிடித்தான், நடுவில் ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு நொடியாவது யோசித்திருப்போம் என்று தேடித் தேடிப் பார்த்திருக்கிறான், பயந்தோமா, தயங்கினோமா, வாசல் பக்கம் பார்த்தோமா, ஒன்றும் இல்லை. குனிந்து ரெண்டு கணுக்காலையும் பிடித்தான். சேறு வழுக்கியது. பிடி நழுவியதால் முழங்காலிட்டு, தன் கனத்தையெல்லாம் போட்டு, நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். குதிகால் வெடிப்பு உள்ளங்கையில் அறுத்தது. காலுக்குள் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை, அது இழுத்தது, கிணற்றில் விழுந்த மாடு கயிற்றை இழுக்கிற மாதிரி இழுத்தது, ஒவ்வொரு அடிக்கும் ஒரு இழுப்பு. மேலே அடி விழுகிற இடத்தை அவன் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அடி எங்கே விழுந்தது என்பது கால் வழியாகத்தான் அவனுக்கு வந்தது. இடுப்பில் விழுந்த அடி வந்தபோது, காய்ந்த மட்டையை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் கால் இழுக்கவில்லை. அந்த நேரத்தில் தன் நெஞ்சுக்குள் என்ன வந்தது என்பதுதான் அவன் வாழ்நாளில் யாருக்கும் சொல்லாதது. அப்பாடா என்று வந்தது. கை ஓய்ந்தது, இனி இழுக்கமாட்டான், அப்பாடா.

பழனான் அன்றைக்குச் சாகவில்லை. கட்டிலில் போட்டு ஊருக்குத் தெற்கே பண்ணையத்து ஆட்கள் ஒதுங்கிக் குடியிருக்கிற வளவுக்குத் தூக்கிப் போனார்கள், ஒன்பதாம் நாள் காய்ச்சலில் போய்விட்டான் என்று சேதி வந்தது. காய்ச்சல் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அப்பா சொன்னார், அம்மா சொன்னாள், சிகாமணியும் யாரோ கேட்டபோது சொன்னான், அந்தச் சொல் வாயிலிருந்து எவ்வளவு லேசாக வந்தது. நாலாம் நாளே கம்பி கிடைத்துவிட்டது, சித்தப்பாவே தன் தோட்டத்துக்கு எடுத்துப் போய் வைத்துவிட்டு மறந்திருந்தார். அதைக் கேட்டு அப்பா சிரித்தாரா, இல்லை, சிரிக்கவில்லை, அட இவனொருத்தன் என்று சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார், அவ்வளவுதான் அந்த உயிருக்கு. போலீசும் இல்லை, கோர்ட்டும் இல்லை, யாரும் அதற்குச் சாளை செய்யச் சொல்லவில்லை. சிகாமணி ரெண்டு மாசத்தில் ஊரை விட்டுக் கோயமுத்தூர் வந்தான். வரைபட ஆபீசில் பக்கத்து மேஜையில் பூங்கோதை இருந்தாள். அவளும் ஒரு வளவில் பிறந்தவள், வேறு ஊர், அவள் அப்பாவும் ஆயுசு முழுக்கப் பண்ணையத்துக்குப் போனவர். கட்டினால் இவளைத்தான் என்று நின்றான். அப்பா செருப்பைக் கழற்றி முகத்தில் அடித்தார், மூக்கில் ரத்தம் வந்தது, அதை வழியவிட்டுக்கொண்டு நின்றபோது உள்ளுக்குள் ஒரு கணக்கு நேராகிற மாதிரி இருந்ததை நினைத்தால் இப்போது கூசுகிறது. அப்பா சாகிறவரை அவள் அந்த வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. அதிலெல்லாம் அவன் மனைவி பக்கம்தான் நின்றான், நல்ல மனுஷன் என்று அவள் சொந்தக்காரர்கள் சொன்னார்கள், மாமனார் தன் தட்டில் பிசைந்த சோற்றை உருட்டி அவன் கையில் வைத்தார். அந்த மாமனாரின் காலை அவனால் பார்க்க முடிந்ததில்லை. அதே வெடிப்பு. மகளுக்கு ரெண்டு வயசில் ஊசி போடும்போது, நர்ஸ் அம்மா, பாப்பா காலைப் பிடிச்சுக்குங்க சார் என்றார்கள், அவன் வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் வாந்தி எடுத்தான். பாசமான அப்பா, பிள்ளை அழுதால் தாங்கமாட்டார் என்று பூங்கோதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்கிற பயத்தோடுதான் அவன் ஒவ்வொரு நாளும் பக்கத்தில் படுத்தான். தெரிந்தால் என்ன செய்வாள், கத்துவாளா, மகளைக் கூட்டிக்கொண்டு போவாளா, இல்லை, ஒன்றும் சொல்லாமல் அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் தனியாக வைப்பாளா.

கட்டைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, தூணை அறுத்தெடுத்துச் சிமெண்டுத் தூண் செய்து நிறுத்தினான். கூரையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி உட்கார்த்தினான். இனிமேல் வைக்கோல் போர். தேங்காய் நாரைச் சீவி மஞ்சள் ஏற்றிய போர், உள்ளங்கை அளவு, தயாராக இருந்தது. தொட்டிக்கும் கதவுக்கும் நடுவில் வையுங்கள் என்று வக்கீல் காகிதத்தில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்திருந்தார். சம்பவத்தன்று போர் அங்கேதான் இருந்தது என்று கட்சிக்காரர் சொல்கிறாராம். போலீஸ் படத்தில் போர் சாளைக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு படத்தில் அல்ல, மூணு படத்தில். அடிமட்டத்தில் வைக்கோல் கறுத்துப் போய், ரெண்டு மூணு மழை பார்த்த போர், யாரும் முந்தின நாள் இடம் மாற்றிய போர் இல்லை. சிகாமணி தையல் நூலை எடுத்தான். துவைக்கிற கல்லின் மேல் நிற்கிற பெண்ணின் கண் உயரம் எங்கே வரும் என்று குண்டூசி குத்தி, நூலைக் கதவு வழியாக உள்ளே விட்டுத் தூணடியில் இன்னொரு ஊசியில் கட்டினான். நூல் எங்கேயும் தட்டவில்லை. கதவு பாதி திறந்திருந்தாலும் தட்டவில்லை. அவள் பார்த்திருக்கிறாள். முழுசாக, கடைசிவரை, தன் புருஷன் கால் உதறியதையும் உதறாமல் போனதையும் பார்த்திருக்கிறாள். வக்கீல் சொன்ன இடத்தில் போரை வைத்தான். நூல் வளைந்தது. எடுத்தான், நேரானது. வைத்தான், வளைந்தது. இவ்வளவுதான் வேலை, உள்ளங்கை அளவு நார், ஒரு பொம்பளையின் ரெண்டு கண்ணையும் பிடுங்கிவிடலாம். பழனானின் பெண்டாட்டி எங்கே நின்றிருப்பாள் என்று அப்போதுதான் நினைத்தான். தொட்டிப் பக்கமா, வாய்க்கால் மேட்டிலா. அவளுக்கு என்ன பேர்.

ஆட்களும் வேண்டும் என்று வக்கீல் கேட்டிருந்தார், உயரம் தெரிவதற்காக, முகம் எதுவும் வேண்டாம். செத்தவர் ஒருவர், அடித்தவர்களாகச் சொல்லப்படுகிறவர்கள் ரெண்டு பேர், சாட்சி ஒருத்தி. ஐந்தரை அடி ஆள் இருபதில் ஒரு பங்கானால் மூணேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. கம்பியை முறுக்கி, களிமண் அப்பி, ஒவ்வொன்றாக நிறுத்தினான். செத்தவரைத் தரையில் உட்கார்த்தித் தூணில் சாய்த்தான், காலை நீட்டிவிட்டான். கம்பி வளைக்கிறபோது மனசு எங்கேயும் போகவில்லை, அது ஒன்றுதான் நிம்மதி. பூங்கோதை பள்ளிக்கூடத்தில் அரை நாள் வேலை முடித்து வந்து, சோறு போட்டு வைத்திருக்கிறேன், மணி மூணரை ஆச்சு என்று சமையலறையிலிருந்து சொன்னாள், அவன் வரவில்லை என்று தட்டையே எடுத்துக்கொண்டு வந்தாள். விரலில் கட்டைப் பார்த்து, மறுபடியுமா என்றாள். தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டுக் குனிந்தாள். வேலை முடிகிற நாளில் குனிந்து பார்ப்பது அவளுக்கு வழக்கம், அளவு பிசகினால் கண்டுபிடித்துவிடுவாள், அவனைவிடச் சுத்தமாக வரையத் தெரிந்தவள். கூரையை மெல்லத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

"நாலு பேர்னுதான சொன்னீங்க. இங்க அஞ்சு இருக்குதுங்களே."

அவன் பார்த்தான். இருந்தது. தூணடியில், நீட்டிய காலுக்கு அந்தப் பக்கம், முழங்காலிட்டுக் குனிந்திருந்த ஒரு ஆள். மற்றவர்களைவிட நன்றாகச் செய்திருந்தது. முதுகெலும்பு வளைவுகூடத் தெரிந்தது.

"இது யாருங்க?"

வக்கீல் கூடுதலாகக் கேட்டார் என்று சொல்லலாம். அளவு பார்க்கச் செய்தது என்று சொல்லலாம். ரெண்டும் வாய்வரை வந்தது. காய்ச்சல் என்று சொன்ன அதே வாய்.

"நான்" என்றான்.

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து வாசலில் பைக் வந்து நின்றது. ஜூனியர் தினகரன், கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, வியர்வையோடு உள்ளே வந்தார். பூங்கோதை தள்ளிப்போய்ச் சமையலறைக் கதவோரம் நின்றாள், போகவில்லை. தினகரன் சாளையைச் சுற்றி வந்து, அசல் மாதிரியே இருக்குதுங்க, ஐயா சந்தோஷப்படுவார் என்றார். அப்புறம் போரைத் தேடினார். சிகாமணி அதைச் சாளைக்குப் பின்னால் படத்தில் இருந்த இடத்தில் ஒட்டியிருந்தான், எப்போது ஒட்டினான் என்று இந்தத் தடவை நன்றாகவே ஞாபகம் இருந்தது, அவள் நிமிர்ந்து பார்த்ததற்கும் பைக் நின்றதற்கும் நடுவில். போர் பின்னாடிதான் இருந்துச்சுங்க, மூணு படத்திலும் அப்படித்தான், என்னால மாத்தி வைக்க முடியாது என்றான். தினகரன் அவனையும் நூலையும் பார்த்தார், நூல் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்தார், வாசலுக்குப் போய் வக்கீலுக்குப் போன் போட்டார். ரெண்டு நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வந்தார். பொம்மை செய்யச் சொன்னால் சாட்சி சொல்கிறானா, அவனே வைத்துக்கொள்ளட்டும், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று ஐயா சொல்கிறார் என்றார். அரசு வக்கீல் கேட்டால் இதை அவருக்குக் கொடுத்துவிடுவேன், அதையும் ஐயாவிடம் சொல்லிவிடுங்கள் என்றான் சிகாமணி. தினகரன் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பைக் சத்தம் தெருமுனை திரும்பியது.

பூங்கோதை வந்து மேஜைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவன் சொன்னான். கம்பி, மண்வெட்டிப் பிடி, அப்பா, சித்தப்பா, கால், ஒன்பதாம் நாள். சொல்லச் சொல்ல அது ரொம்பச் சின்னதாக இருந்தது, அஞ்சு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பழனானின் பெண்டாட்டி பேர் என்ன என்று அவள் கேட்டாள். தெரியாது என்றான். பிள்ளைகள் எத்தனை என்றாள். அதுவும் தெரியாது. வெளியே தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வருகிற சத்தம் கேட்டது, அது நிற்கும்வரை காத்திருந்தாள்.

"என்னைக் கட்டுனது அதுக்குத்தானா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். பக்கத்து மேஜையில் அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தது, மழையில் ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றது, எல்லாம் நிஜம். அப்பாவின் செருப்படியில் நேரான கணக்கும் நிஜம். எது எதற்குள் கிடந்தது என்று இத்தனை வருஷம் கழித்து எப்படிப் பிரித்து எடுப்பது. தெரியலை என்றான். அவள் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டாளா என்று முகத்தில் தெரியவில்லை. சேலையை முழங்காலுக்குக் கீழே ஒதுக்கி, ரெண்டு காலையும் அவன் பக்கம் நீட்டினாள்.

"எப்படிப் புடிச்சீங்க. காட்டுங்க."

வேண்டாம் கோதை என்றான். காட்டுங்க என்றாள் மறுபடியும், அதே குரலில். இருபத்து மூணு வருஷமாக அவள் எதையும் ரெண்டு தடவை கேட்டதில்லை. அவன் நாற்காலியை விட்டு இறங்கி முழங்காலிட்டு அவள் கணுக்கால்களைப் பிடித்தான். கொலுசு உள்ளங்கையில் குத்தியது. தோல் சூடாக இருந்தது, பஸ்ஸில் நின்றே வந்த கால். லேசாகத்தான் பிடித்திருந்தான், பிடித்த மாதிரிகூட இல்லை. அவள் அவன் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல், இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிக் காலை வெடுக்கென்று இழுத்தாள்.

அவன் கை இறுகியது. அவன் நினைப்பதற்கு முன்னாலேயே இறுகிவிட்டது. நெஞ்சு தானாகக் குனிந்து அந்தக் கால்களின் மேல் கனத்தைப் போட்டது. அவள் இன்னொரு தரம் இழுத்தாள், விடவில்லை. மூணாவது தரம் இழுத்தபோது அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அதைக் கேட்டுத்தான் தன் கையைத் தான் பார்த்தான். வெட்டுப்பட்ட விரலிலிருந்து துணி நழுவி, ரத்தம் அவள் கொலுசில் வழிந்திருந்தது. விட வேண்டும் என்று விரல்களுக்குச் சொன்னான். ஒன்று திறந்தது, இன்னொன்று திறந்தது, அவள் ஆடாமல் உட்கார்ந்து ஒவ்வொரு விரலும் திறப்பதை எண்ணுகிறவள் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.